முப்பத்தேழு பேரும் ஒரு பாவமன்னிப்புக் கூண்டும்

வெள்ளிக்கிழமை மதியம். சர்ச்சு முற்றத்தில் உதிர்ந்து கிடந்த மாவிலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார் லிங்கராஜ் உபதேசியார். பைக்கை அணைக்காமல், ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி, ஓர் இளைஞன் அவரிடம் கேட்டான்.

"சேட்டா, கும்பசாரக் கூடு எவ்விடெ?"

பாவமன்னிப்புக் கேட்கிற கூண்டைத்தான் மலையாளத்தில் கேட்கிறான் என்று உபதேசியாருக்குப் புரிந்தது. அதை ஏன் இங்கே வந்து கேட்கிறான் என்பதுதான் புரியவில்லை. இந்த வாரத்தில் இவன் மூன்றாவது ஆள்.

"அதெல்லாம் இங்க கெடையாது மக்கா. நாங்க சீர்திருத்த சபையாக்கும். பாவத்தை நேரா கடவுள்கிட்டயே சொல்லிக்கிடுவோம். நடுவுல ஆள் வைக்கிறதில்ல."

"இது ஆ மஞ்ஞப் பள்ளி அல்லே?"

உபதேசியார் திரும்பிச் சர்ச்சுச் சுவரைப் பார்த்தார். மஞ்சள்தான். போன வருஷம் பெயின்ட் அடிக்க வந்தவர் ஒரு பள்ளிக்கூடத்தில் மிஞ்சியதைக் கொண்டுவந்து அடித்துவிட்டுப் போன மஞ்சள்.

"மஞ்சள்தான். அதுக்கு?"

"அப்போ ஃபாதர் செலஸ்டின்?"

"ஃபாதரும் கெடையாது. போதகர் உண்டு. அவருக்குப் பொண்டாட்டியும் ரெண்டு பிள்ளையும் உண்டு."

இளைஞன் முகம் தொங்கிப்போயிற்று. "கல்யாணம் கழிச்சோ?" என்று கேட்டான், போதகர் தனக்கே துரோகம் செய்துவிட்டதுபோல. பிறகு சுவர் ஓரமாக நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு பழவங்காடிப் பக்கம் போய்விட்டான். அவன் பெயர் அபின் என்று உபதேசியாருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால், பாத்திரக் கடைகளுக்கும் ஒரு கோழிக்கடைக்கும் நடுவில் நுழைகிற சந்தில்தான் அந்தச் சர்ச்சு இருந்தது. காலை ஏழரைக்குத் தமிழ் ஆராதனை. ஒன்பதரைக்கு மலையாள ஆராதனை. மலையாளத்துக்குக் காரில் வருவார்கள். தமிழுக்கு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், சாலைக் கடைகளில் மூட்டை இறக்குகிறவர்கள் வருவார்கள். வருவார்கள் என்றால், போன ஞாயிறு எண்ணியபோது முப்பத்தேழு பேர். அதில் தூங்கியவர்களும் அடக்கம்.

அந்த முப்பத்தேழுதான் லிங்கராஜுக்குத் தொண்டையில் சிக்கிய முள். அறுபது பேராவது வராத ஆராதனையை நிறுத்திவிட்டு மலையாளத்தோடு சேர்த்துவிடுவது என்று சபைக் கமிட்டி முடிவெடுத்திருந்தது. டிசம்பர் முதல் ஞாயிறு காலையில் செயலாளர் ஜெயன் சார் நேரில் வந்து தலை எண்ணுவார். இன்னும் எட்டு ஞாயிறுதான் பாக்கி. போதகர் ஜெயகுமாருக்கு மூன்று சர்ச்சு. இங்கே மாதத்தில் மூன்றாவது ஞாயிறு மட்டும் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் மணி அடிப்பது, பாட்டுத் தொடங்குவது, ஜெபம், பிரசங்கம், கடைசியில் மின்விசிறியை நிறுத்துவது எல்லாம் உபதேசியார்தான். இருபத்திரண்டு வருஷமாக. அந்த ஏழரை மணி போய்விட்டால், மார்த்தாண்டத்திலிருந்து இந்த ஊருக்கு வந்ததற்கு அவருக்கு வேறு காரணம் எதுவும் மிஞ்சாது.

வீட்டுக்கு வந்து மனைவி சுஜாவிடம் பைக்கில் வந்தவன் கேட்டதைச் சொன்னார். அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருந்த சுஜா திரும்பவில்லை. திரும்பாத முதுகிலேயே ஒரு குற்ற உணர்ச்சி தெரிந்தது.

"ஃபாதர் செலஸ்டினைக் கேட்டானா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கதையில வருவாரு. 'கூண்டுக்குள் ஒரு குரல்'ன்னு. பதினோரு வாரமா வருது."

"ஒரு உபதேசியார் வீட்டுல தொடர்கதையா?"

"நீங்க பிரசங்கத்துக்குப் போட்டுக்கிட்டுப் போற வேட்டியைச் சுத்தி வார பேப்பர் எதுன்னு நெனச்சிய? சலவைக்காரர் அந்த வாரப்பத்திரிகையிலதான் மடிச்சுத் தாராரு" என்றாள் சுஜா. மெத்தைக்கு அடியிலிருந்து பதினோரு இதழ்களும் வரிசையாக வெளியே வந்தன. சலவைக்காரர் இவ்வளவு ஒழுங்கானவர் என்று உபதேசியார் அறிந்திருக்கவில்லை.

அவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தார், கண்டிப்பதற்காக.

திருவனந்தபுரத்தில், பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால், ஒரு மஞ்சள் சர்ச்சு. அங்கே கறுப்பு அங்கி, நீலக் கண், நரைக்காத தாடியோடு ஃபாதர் செலஸ்டின். அவருடைய பாவமன்னிப்புக் கூண்டில் ஒரு குரல் வந்து, தான் செய்யப்போகிற கொலைகளை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகிறது. ஃபாதரால் போலீசிடம் சொல்ல முடியாது. அதனால் வயலின் வாசிக்கிறார். அத்தியாயத்துக்கு நாற்பது மெழுகுவர்த்தி எரிகிறது. யாரும் ஏற்றாமலே எரிகிறது. பதினோரு வாரத்தில் அவர் ஒரு தடவைகூடப் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு தடவைகூட வேதத்தைத் திறக்கவில்லை. ஒருமுறை அதைத் தூக்கி ஒரு மோகினியின் மேல் எறிந்தார், அவ்வளவுதான். கதையில் வருகிற கிறிஸ்தவர்கள் எல்லார் வீட்டிலும் பியானோ இருந்தது. அவர்கள் காலையில் கேக் சாப்பிட்டார்கள். லிங்கராஜுக்குத் தெரிந்த கிறிஸ்தவர்கள் காலையில் பழங்கஞ்சி சாப்பிட்டுவிட்டு ஏழே காலுக்குப் பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்தார்கள்.

"இது நம்ம மதமே இல்ல" என்றார்.

"அந்தக் கொலைகாரன் யாருன்னு நெனைக்கிய?" என்றாள் சுஜா.

"அந்த வயலின் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் உபதேசியார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கதையை எழுதியது 'மங்கலம்' என்று மட்டும் போட்டிருந்தது. அதை மலையாளத்தில் யாரோ வாசித்து, பின்னால் மழைச் சத்தம் சேர்த்து, வாரம் ஓர் அத்தியாயமாக யூடியூபில் விட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பின்பெஞ்சுகளில் புதுமுகங்கள். சிலர் காதில் இன்னும் இயர்போன் இருந்தது. எண்ணிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு.

உபதேசியார் அன்றைக்குக் கட்டுக்கதைகளின் தீமையைப் பற்றி நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தார். புதுமுகங்கள் கூரையையும் மூலைகளையும் ஜன்னல்களையும் பார்த்தார்கள். முடிந்ததும் பட்டுச்சேலைக் கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்து, "மெழுகுவர்த்தி எந்த நேரத்துல ஏத்துவீங்க?" என்று கேட்டாள். ட்யூப்லைட்தான் என்று சொன்னார். அவள் தன் தோழியைப் பார்த்த பார்வையில், தப்பான வீட்டுக் கல்யாணத்துக்குள் நுழைந்துவிட்டவர்களின் சங்கடம் இருந்தது.

அடுத்த ஞாயிறு நாற்பத்தொன்று.

அன்று ஆராதனை முடிந்து பெஞ்சுகளை நேராக்கிக்கொண்டிருக்கும்போது தங்கபாண்டி வந்தார். வள்ளியூர்க்காரர். ஓட்டல்களுக்கு அடுக்களை அலமாரி செய்கிற தச்சர். சபையில் பன்னிரண்டு வருஷம்.

"உபதேசியாரே, தப்பா நெனைக்கப்படாது. ஒரு பொட்டி அடிச்சு மூலையில வச்சா என்ன?"

"என்ன பொட்டி?"

"அவுக தேடுத பொட்டிதான். ஒரு ஓட்டல்ல ப்ளைவுட் மிச்சம் கெடக்கு. ரெண்டே நாள் வேல."

"வே தங்கபாண்டி, நம்ம சபையில அது கெடையவே கெடையாது. நானூறு அஞ்ஞூறு வருஷத்துக்கு முன்னால சண்டை போட்டுப் பிரிஞ்சு வந்ததே இந்த மாதிரி விஷயத்துக்காகத்தான்."

"சரிதான். அந்தச் சண்டையில நாம ரெண்டு பேரும் இல்லையே" என்றார் தங்கபாண்டி. "பேரை மாத்திருவோம். ஜெப அறை. சின்னதா ஒரு ஜெப அறை. ஜெபம் பண்ணப்படாதுன்னு எந்தச் சபை சொல்லுது?"

உபதேசியார் முடியாது என்றார். வியாழக்கிழமை வரை முடியாது என்றுதான் இருந்தார். அன்று ஒன்பதரை மணி ஆராதனைக்காரர் ஒருவர் நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, தமிழ்ப் பாட்டுப் புத்தகம் வைக்கிற அலமாரியை அளந்துகொண்டு போனார். அந்த இடத்தில் டிரம்ஸ் வைக்கப் போகிறார்களாம். சாயங்காலம் உபதேசியார் தங்கபாண்டிக்குப் போன் செய்தார். "சின்னதா" என்றார்.

அளவுக்குத் தங்கபாண்டி ஏழாம் அத்தியாயத்தை வைத்துக்கொண்டார். அதில் எல்லாம் விவரமாக இருந்தது. ஃபாதர் உட்காரும் பக்கம், பாவி மண்டியிடும் பக்கம், நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு தட்டி. தட்டிக்கு மட்டும் ஓட்டல் அலமாரிக் கதவு ஒன்றைப் போட்டார். காய்கறிக்குக் காற்றுப் போவதற்காகச் செய்த கதவு. கூண்டு முழுக்கப் பசை வாசனை. முன்னால் ஒரு பச்சைத் திரை. ஒன்பதரைக்காரர்கள் வருவதற்கு முன்னும், போதகர் வருகிற ஞாயிறும் பின்னால் தள்ளி மறைத்துவிட அடியில் சக்கரம். வாசலுக்கு அருகில், மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தியபோது, இருபது வருஷமாக அங்கேயே இருந்ததுபோல் பொருந்திவிட்டது. உபதேசியாரை அதுதான் பயமுறுத்தியது.

வரிசையை ஒழுங்குபடுத்தத்தான் முதல் நாள் அதற்குள் போய் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஒருவர் மண்டியிட்டதும் எழுந்து வர முடியவில்லை.

வந்தவர்கள் பெரும்பாலும் கதையின் வசனத்தையே சொன்னார்கள். "ஃபாதர், என் கைகளில் படிந்திருப்பது நிழல் அல்ல" என்றார் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, இன்னும் ஒன்றும் செய்யவில்லை, அந்த வரி பிடிக்கும் என்றார். பட்டுச்சேலைக் கடைப் பெண் வந்து, கொலைகாரன் வழக்கமாக எந்தப் பக்கம் மண்டியிடுவான் என்று விசாரித்துவிட்டுப் போனாள். அபினும் வந்தான். அத்தியாயங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுவிட்டதாகவும், அழ வேண்டிய இடங்களில் அழ முடியவில்லை என்றும் சொல்லி நிஜமாகவே வருந்தினான். உபதேசியார் யாரையும் மன்னிக்கவில்லை. "ஆண்டவர் பாத்துக்கிடுவாரு, அடுத்த ஞாயிறு ஏழரைக்கு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அது இறையியல்படி சரிதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நவம்பர் நடுவில் ஒருநாள் பேச்சி வந்து மண்டியிட்டாள். தம்பானூர்ப் பக்கம் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். ஒன்பது வருஷமாக மின்விசிறிக்குக் கீழே அதே இடத்தில் உட்காருகிறவள். ஒன்பது வருஷத்தில் உபதேசியாரிடம் ஒன்பது வார்த்தை பேசியிருப்பாள்.

"நான் கதை கேக்கலய்யா. எங்கிட்ட போனு இல்ல" என்றாள் முதலில்.

"சொல்லு பேச்சி."

"எம்புள்ள போனதுல இருந்து நான் ஜெபமே பண்ணல. மூணு வருசம் ஆச்சு. ஒங்க முன்னால ஒதட்ட மட்டும் ஆட்டிட்டு இருக்கேன்."

உபதேசியார் தட்டியின் பக்கம் குனிந்தார்.

"அப்புறம் ஏன் பேச்சி வாரம் தவறாம வாறே?"

"தமிழு காதுல விழுமே. உக்காந்துக்கிட்டே கேக்கலாம். மத்த எடத்துல எல்லாம் நின்னுக்கிட்டுதானய்யா நிக்கேன்."

அவள் எழுந்து போன பிறகு உபதேசியார் காய்கறித் தட்டியின் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்து மண்டியிட்டவர், "ஃபாதர், என் கைகளில்..." என்று தொடங்கியதும்தான் அவருக்கு வரிசையின் நினைவு வந்தது. அன்றைக்கு நூற்றுப் பதினான்கு பேர்.

எண்ணுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது சுஜா பத்திரிகையைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். கடைசி வரிக்குக் கீழே கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு. அடுத்த இதழோடு கதை முடிகிறது. கூண்டு தீப்பற்றுகிறது, ஃபாதர் செலஸ்டின் விழிஞ்ஞம் கடலில் இறங்குகிறார், மஞ்சள் சர்ச்சு நிரந்தரமாக மூடப்படுகிறது.

"மூடிட்டா எவன் வருவான்?" என்றார் உபதேசியார். பத்திரிகை ஆபீசுக்குப் போன் செய்து, சபையின் பெயரைச் சொல்லி, கொஞ்சம் மிரட்டுகிற குரலில் எழுத்தாளரின் முகவரியை வாங்கினார். வேறு ஊராக இருக்கும் என்று நினைத்தார். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெரு. சர்ச்சிலிருந்து நடந்தே போகலாம்.

கதவைத் திறந்தது அறுபது வயதில், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு மாமி. கையில் போன். அடுத்த அத்தியாயத்தை அதில் சொல்லிப் பதிந்துகொண்டிருந்தார். "அலை அவர் இடுப்பைத் தொட்டது, முற்றுப்புள்ளி. வாங்கோ, யாரு வேணும்?"

லிங்கராஜ் தான் யார் என்று சொன்னார். மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிஜமாவே அங்க சர்ச் இருக்கா? ஆட்டோல போறச்சே மஞ்சளா ஒரு சுவர் பார்த்தேன். அதுக்குள்ள என்ன இருக்குன்னு நான் பார்த்ததே இல்லை. உக்காருங்கோ, காபி சாப்பிடறேளா?"

"எங்க சபையில கூண்டு கெடையாது. கறுப்பு அங்கி கெடையாது. வயலின் கெடையாது. இதெல்லாம் ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? எல்லாப் படத்துலயும் அப்படித்தானே வரது. கோபமா வந்திருக்கேளா? நிறுத்தச் சொல்லணும்னா கவலைப்படாதேங்கோ. முடிச்சாச்சு. அவரைக் கடல்ல இறக்கிண்டிருக்கேன்."

உபதேசியார் காபி டம்ளரைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேருக்காகப் பரிந்து பேசியிருக்கிறார். இல்லாத ஓர் ஆளின் உயிருக்காக இப்போதுதான்.

"இறக்காதீங்க" என்றார். "இன்னும் ரெண்டு வாரம் அவர் இருக்கட்டும்."

விஷயத்தை எல்லாம் சொன்னார். முப்பத்தேழு, அறுபது, ப்ளைவுட், ஜெயன் சார். மாமி ரசித்துக் கேட்டார். பிறகு கையை விரித்தார்.

"நீட்டணும்னா சரக்கு வேணுமே. செலஸ்டின் கதையில இனிமே ஒண்ணும் இல்லை. உங்க இடத்துல என்னதான் நடக்கும்? வயலின் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. பின்ன எதுக்குத்தான் ஜனங்கள் வரா?"

"கதை கேக்கத்தான்" என்று உபதேசியார் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"என்ன கதை? ஒண்ணு சொல்லுங்கோ பார்ப்போம்."

அவருக்குச் சட்டென்று வாயில் வந்தது அந்த மூத்த சீடனின் கதைதான். மீன் பிடிக்கிறவன். எல்லாரும் உங்களை விட்டுப் போனாலும் நான் போகமாட்டேன் என்று குருவிடம் நெஞ்சைத் தட்டிச் சொன்னவன். கோழி கூவுவதற்குள் மூன்று தரம் என்னைத் தெரியாது என்பாய் என்றார் குரு.

"அப்புறம்?" என்றார் மாமி.

குருவைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இவன் தூரத்தில் பின்னாலேயே போகிறான். முற்றத்தில் குளிருக்குத் தீ மூட்டியிருக்கிறார்கள். இவனும் போய் உட்கார்ந்து குளிர் காய்கிறான். ஒரு வேலைக்காரி உற்றுப் பார்க்கிறாள்.

"அப்புறம்?"

நீயும் அந்த ஆளோடு இருந்தவன்தானே என்கிறாள். எனக்கு அவரைத் தெரியவே தெரியாது என்கிறான். இன்னொருவன் கேட்கிறான். இல்லை என்கிறான். மூன்றாவது ஆள், உன் பேச்சிலேயே எந்த ஊர்க்காரன் என்று தெரிகிறதே என்கிறான்.

மாமியின் காபி ஆறிவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பிரசங்கத்தில் ஒருவர்கூட அவரிடம் 'அப்புறம்?' என்று கேட்டதில்லை என்பது உபதேசியாருக்கு அப்போது உறைத்தது. அவர் குரல் தானாகத் தணிந்தது.

"அந்த ஆளை நான் பார்த்ததே இல்லன்னு சத்தியம் பண்ணுதான். அப்பம் கோழி கூவுது. அந்தப் பக்கமா நிக்கிற குரு திரும்பி இவனைப் பாக்காரு."

மாமி போனைக் கீழே வைத்தார். "தொடரும்" என்றார். "இங்கதான் நிறுத்தணும். இதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாதேங்கோ. இத்தனை நாள் இதை வெச்சுண்டு சும்மா இருந்தேளா நீங்க?"

ஃபாதர் செலஸ்டின் இடுப்பளவு நீரிலிருந்து கரையேறினார். கதை நீண்டது. முதல் ஞாயிறு நானே வந்து உங்க கூண்டைப் பார்க்கிறேன் என்றும் மாமி சொல்லி அனுப்பினார்.

டிசம்பர் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கே சந்தில் செருப்பு வைக்க இடமில்லை. மாமி மூன்றாவது பெஞ்சில், கூண்டுக்குப் பக்கத்தில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். ஏழே காலுக்கு ஜெயன் சார் வந்தார். காக்கிக் கால்சட்டை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் எண்ணுவதற்கான சின்னக் கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் ஒவ்வொன்றாக ஏறும். நூற்று நாற்பத்துமூன்றில் நின்றது. அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, சந்தேகம்தான் இருந்தது. கூண்டின் பக்கவாட்டில் விரலால் தட்டிப் பார்த்தார்.

"எந்தா உபதேசியாரே இது?"

"அது தொடப்பம் வைக்கிற அலமாரி சார்."

"தொடப்பத்துக்கு எதுக்கு திரை?"

"தூசி."

ஜெயன் சார் பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு சுற்று நடந்து, நாலைந்து பேரிடம் பேசிவிட்டுத் திரும்பினார்.

"இங்க ஒரு உபதேசியார் ஆளுகளுக்குப் பாவமன்னிப்புக் கொடுக்குறதா வாட்சாப்புல ஓடுது. நீங்கதானோ?"

"நான் இல்ல சார். அப்படி ஒண்ணும் எனக்குத் தெரியாது."

"சரி. வேற ஒரு கார்யம். நான் பேசினவங்களுக்குத் தமிழ் அறியாது. இந்தக் கூட்டத்துல நூறு பேரு மலையாளத்துக்காராணு. அப்போ எதுக்குத் தமிழ் ஆராதனை? ஒன்பதரையோட சேர்த்தா எல்லார்க்கும் சௌகர்யம். ஞான் அப்படியே எழுதிக்கொடுக்கேன்."

எண்ணிக்கை வேண்டும் என்று சேர்த்த கூட்டமே வந்து தமிழைத் தள்ளிவிட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து மூன்றாவது பெஞ்சிலிருந்து மாமி எழுந்து கும்பிட்டார்.

"உபதேசியார் ஸார், வந்துட்டேன் பார்த்தேளா."

"இவங்க அந்தக் கதை எழுதுற ஆளு அல்லே?" என்றார் ஜெயன் சார், முகம் இறுகி. "என் வைஃப் யூடியூப்ல போட்டோ காட்டியிருக்கா. அப்போ இதெல்லாம் சேர்ந்து செஞ்ச ஏற்பாடு. இவங்களை உங்களுக்கு அறியுமோ?"

"இந்த அம்மாவையா? நான் பார்த்ததே இல்லை சார்" என்றார் லிங்கராஜ்.

சுவருக்கு அந்தப் பக்கம் கோழிக்கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூடைகள் சந்துவரை அடுக்கியிருந்தன. அதில் ஒரு சேவல், கத்திக்கு இன்னும் முறை வராத சேவல், நன்றாக நீட்டி முழக்கிக் கூவியது.

மாமி திரும்பி அவரைப் பார்த்தார். சோடாபுட்டிக் கண்ணாடிக்குள் கண் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. கோபம் இல்லை. பையைத் திறந்து பென்சிலை எடுத்துக்கொண்டார்.

மணி ஏழரை. பாட்டுத் தொடங்க வேண்டும். உபதேசியார் முன்னால் போய் நின்றார். பாட்டு வரவில்லை.

"இந்தக் கூண்டு நான் வச்சது" என்றார். "தொடப்பம் வைக்க இல்ல. ஒங்களை இங்க வரவழைக்க. இதுக்குள்ள உக்காந்து கேட்டதும் நான்தான். மன்னிக்க எனக்கு அதிகாரம் கெடையாது, நான் யாரையும் மன்னிக்கவும் இல்ல. அந்த அம்மாவையும் எனக்குத் தெரியும். அவங்க வீட்டுல காபி குடிச்சிருக்கேன். இப்பம் மூணு பொய் சொன்னேன். இந்தச் சபைக்கு முப்பத்தேழு பேருதான். இங்க ஃபாதர் செலஸ்டின் கெடையாது. அவரைத் தேடி வந்தவங்க போகலாம்."

அபின் அதைப் பின்பெஞ்சில் மலையாளத்தில் மொழிபெயர்த்தான். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. போனவர்களில் பாதிப்பேர் கூண்டோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஜெயன் சார் கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, மறுபடி எண்ணத் தொடங்கினார்.

"அப்புறம்?" என்று ஒரு குரல் கேட்டது. மாமிதான்.

"என்னம்மா?"

"அன்னிக்குக் கோழியோட நிறுத்திட்டேள். நான்தான் நிறுத்தச் சொன்னேன். அவன் அப்புறம் என்ன ஆனான்?"

உபதேசியார் அன்றைக்குத் தயார் செய்திருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"வெளிய போய் அழுதான். பெறகு பழைய வேலைக்கே போனான். விழிஞ்ஞத்துல பாக்கோம் இல்லியா, அது மாதிரி ராத்திரி பூரா வலை போட்டும் ஒண்ணும் கெடைக்கல. விடியும்போது கரையில ஒருத்தர் கரி மூட்டி மீன் சுட்டுக்கிட்டு நிக்காரு. கொன்னு புதைச்ச அந்தக் குருதான். இவன் தண்ணியில குதிச்சு ஓடி வாரான். வந்து நிக்கான். தலை நிமிரல."

"ஏசினாரா?" என்று கேட்டது பேச்சி. அந்தப் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்ததே இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏசல பேச்சி. வா, சாப்பிடுன்னாரு. சாப்பிட்டு முடிச்ச பெறகு, எம்மேல அன்பு இருக்கான்னு கேட்டாரு. மூணு தடவை. மூணு தடவை இல்லன்னு சொன்னவனுக்கு மூணு தடவை ஆமான்னு சொல்ல எடம் கொடுத்தாரு. அவ்வளவுதான். கோழியைப் பத்திப் பேச்சே எடுக்கல."

பேச்சியின் உதடு அன்றைக்கு அசையவில்லை. வாய் சற்றுத் திறந்தபடியே இருந்தது.

ஆராதனை முடிந்தபின் ஜெயன் சார் வாசலில் நின்றார். "நாற்பத்திநாலு" என்றார். "அறுபதுக்குப் பதினாறு குறவு. ஈஸ்டர் வரைக்கும் பாக்கலாம்னு எழுதுறேன். அந்தப் பொட்டி இன்னிக்கு சாயங்காலம் இங்க இருக்கக்கூடாது."

"சரி சார்."

"அந்த மீன் சுட்ட கதை நூறு தடவை கேட்டதாணு. இன்னிக்குத்தான் எண்ணுறதை நிறுத்திட்டுக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதனால் அந்த நாற்பத்திநாலும் சரியான கணக்குத்தானா என்று உபதேசியாருக்கு இன்றுவரை சந்தேகம்.

கூண்டைத் தங்கபாண்டி பிரித்து எடுத்துக்கொண்டு போய், பேச்சி வேலை பார்க்கிற ஓட்டலுக்கே தட்டு அடுக்கும் அலமாரியாக மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் பத்திரிகை வந்தது. ஃபாதர் செலஸ்டின் மூன்று தரம் பொய் சொன்னார், கோழி கூவியது, தொடரும். அதற்கு அடுத்த வாரம் வாசகர் கடிதப் பகுதியில் முதல் கடிதத்தைச் சுஜா சத்தமாகப் படித்தாள். "கோழி கூவிய இடத்தில் உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு கற்பனை மங்கலம் அவர்களால் மட்டுமே முடியும். இதுவரை யாரும் எழுதாத காட்சி."

"யாரு எழுதியிருக்கா?"

"நம்ம மார்த்தாண்டத்துல இருந்துதான். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி டீச்சரா இருந்தவங்களாம்."

உபதேசியார் சட்டையை மாட்டிக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினார். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. முற்றம் முழுக்க மாவிலை. பெருக்கத் தொடங்கியதும் ஒரு பைக் வந்து நின்றது. அபின். இந்தத் தடவை எஞ்சினை அணைத்தான். பின்னால் இரண்டு நண்பர்கள்.

"சேட்டா, ஆ கோழி எவ்விடெ?"

லிங்கராஜ் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். சுவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தார்.

"கோழி போயாச்சு மக்கா" என்றார். "அதுக்கப்புறம் என்ன நடந்துதுன்னு வேணும்னா சொல்லுதேன். ஞாயித்துக்கிழமை ஏழரைக்கு வா. தமிழ்லதான் சொல்லுவேன்."